நடுவில் நிற்கும் பிள்ளை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளை வளர்ப்பு பத்தி ஏதாவது பேசுங்க சார்" என்றார் செயலாளர். நான் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். மனோதத்துவம் படித்தவன் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த கணக்கு மேதை ஒருவரின் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

சீனிவாச ராமானுஜன். டிசம்பர் 22 வந்தால் பள்ளிக்கூடங்களில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் போட்ட கணக்கைப் பற்றிப் பேசுவோம். அவர் வாழ்ந்த வீட்டைப் பற்றிப் பேச மாட்டோம்.

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா ஜவுளிக்கடைக் குமாஸ்தா. காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறவர், வீட்டில் அவர் சொல்லுக்கு எடை கிடையாது. எல்லாம் அம்மா கோமளத்தம்மாள்தான். ராமானுஜனுக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் கைக்குழந்தையிலேயே இறந்துபோயின. அடுத்து ஒரு தம்பி பிறந்து தங்கியபோது ராமானுஜனுக்கு வயது பத்து. ஆக, பத்து வருடம் அந்தத் தாய்க்கு மிஞ்சியது இவர் ஒருவர்தான். அந்தப் பிடியை நாம் குற்றம் சொல்வதற்கு முன்னால் இதையும் நினைக்க வேண்டும். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் மிஞ்சிய ஒருவனை எப்படிக் கையிலிருந்து விடுவாள்?

1909இல் அவருக்குக் கல்யாணம். பெண்ணைப் பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் அம்மா. தன்னைக் கலந்துகொள்ளவில்லை என்ற வருத்தத்தில் அப்பா கல்யாணத்துக்கே போகவில்லையாம். மணப்பெண் ஜானகிக்கு அப்போது பத்து வயதுதான்.

1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதினார், ஜானகியும் எழுதினார். இரண்டு பக்கக் கடிதங்களும் மாமியார் கையோடு நின்றுபோயின. இவள் ஏன் எழுதவில்லை என்று அவரும், அவர் மறந்துவிட்டாரோ என்று இவரும் இருந்தார்கள். முதலில் மாதம் மூன்று நான்கு என்று வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள் வரவரக் குறைந்தன. ஜானகி கராச்சியில் இருந்த தன் சகோதரர் வீட்டுக்குப் போனார். அங்கிருந்துதான் கணவருக்குத் தடையில்லாமல் எழுத முடிந்தது.

1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் ராமானுஜன் விழுந்தார். யாரோ பார்த்து மின்சாரத்தை நிறுத்தியதால் ரயில் சில அடி தூரத்தில் நின்றது. இதற்கு வீட்டுச் சண்டைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். போர்க்காலம், குளிர், வாய்க்குப் பிடிக்காத சாப்பாடு, நோய், தனிமை என்று எல்லாமே இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட நேரத்தில் மனிதனைத் தாங்குவது வீட்டிலிருந்து வரும் இரண்டு வரிதான். அந்த இரண்டு வரி எழுதப்பட்டது, ஆனால் போய்ச் சேரவில்லை.

"அப்படி வளர்ந்தும் மேதை ஆனாரே, என்ன கெட்டுப் போச்சு?" என்று கேட்கலாம். ஒரு பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் அந்த வீட்டில் எல்லாம் சரி என்று நாம் முடிவு கட்டுவதும் இதே ரகம்தான். உதவித்தொகை போனதும் 1905இல் அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். தோற்றுவிட்டேன் என்று அந்த வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் வகுப்பில் ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் முகம் வெளுத்த பையன்களில் பாதிப்பேர் நன்றாகப் படிக்கிறவர்கள்தான்.

இந்தக் கடித விவகாரம் என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தத் தேவதானப்பட்டியிலேயே வளர்ந்தவன். என் அப்பாவும் அம்மாவும் ஆறேழு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே உலை. "அம்மாட்ட போயி சோறு போடச் சொல்லுடா." "ஒங்கப்பாகிட்ட சொல்லு, அரிசி தீந்துபோச்சு." தபால்காரன் நான். அப்பா சொன்னதை அப்படியே சொன்னால் அம்மா அழும். அதனால் வழியிலேயே வார்த்தையை மாற்றிக்கொள்வேன். எட்டு வயதில் செருப்புச் சத்தத்தை வைத்தே அப்பாவின் மனநிலையைச் சொல்வேன். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அந்தச் சாமர்த்தியம் என்னை விடவில்லை. கோபம் வந்தால் சண்டை போடத் தெரியாது எனக்கு, பேச்சை நிறுத்திவிடுவேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து ஒருநாள் நானும் என் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் மகன் வந்து, "அப்பா, அம்மாட்ட நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றான். அவனுக்கும் அப்போது எட்டு வயது.

அன்றைக்கு எழுந்து நானே அடுப்படிக்குப் போனேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. உளறியிருப்பேன்.

இதெல்லாம் ஏழை வீட்டுப் பிரச்சினை, குடிகார வீட்டுப் பிரச்சினை என்று சிலர் நினைக்கிறோம். குடி பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் குழந்தைப் பருவத் துன்பங்களைப் பற்றி 1998இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, மருத்துவக் காப்பீடு வைத்திருந்தவர்களிடம் நடத்தப்பட்டது. பெரும்பாலும் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார். அடி, அவமதிப்பு, தாய் அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடி என்று சிறு வயதில் பட்டது எத்தனை வகையோ, அதற்கேற்ப நடுவயதில் மனச்சோர்வும் இதய நோயும் குடிப்பழக்கமும் கூடுதலாக இருந்தன. எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளையின் உடம்பு ஓய்வெடுப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற அம்மையாரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, சண்டை, மனநோய் நிறைந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே ஆளானார்கள். அவர்களிடம் பொதுவாகக் கண்ட ஒன்று, அக்கறையாகப் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது. பாட்டியாக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

எனக்கு அப்படி ஒரு பக்கத்து வீட்டு அத்தை இருந்தது. வீட்டில் சத்தம் கேட்டால், "டேய், இந்த ஊசியில நூலக் கோத்துக் குடுடா" என்று கூப்பிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நூல் கோத்து முடிந்தாலும் போகச் சொல்லாது.

நம் ஊர் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் அடைத்த கதவுக்குத்தான் பூசை நடக்கிறது. அந்த மரியாதை அம்மனுக்கு. பக்கத்து வீட்டுக் கதவுக்கும் அதே மரியாதை கொடுத்துவிட்டு, உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவது சரியா? நான்கு அங்குலச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு எல்லாம் கேட்கத்தானே செய்கிறது.

ஜானகி கதையை முடித்துவிடுகிறேன். 1919 மார்ச்சில் ராமானுஜன் பம்பாயில் இறங்கினார். அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். அவர் முதலில் தேடியது மனைவியை. அதன்பின் அவர் உயிரோடு இருந்த ஒரு வருடம் ஜானகிதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். கொடுமுடியில் தங்கியிருந்தபோது ஆவணி அவிட்டத்துக்குக் காவிரிக்குப் போகையில், மருமகள் வரவேண்டாம் என்று அம்மா சொல்ல, அவளும் வரட்டும் என்று ராமானுஜன் சொல்லியிருக்கிறார். அம்மா பேச்சைத் தட்டக் கற்றுக்கொள்ள அவருக்கு முப்பத்தோரு வயதாயிற்று. 1920 ஏப்ரலில் இறந்துபோனார்.

ஜானகிக்கு அப்போது இருபத்தொரு வயதுதான். தையல் கற்றுக்கொண்டார். திருவல்லிக்கேணியில் தைத்தும் தையல் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார். 1950இல் ஒரு தோழி இறந்தபோது அவருடைய மகனை எடுத்து வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தார். 1994 வரை அந்த மகன் குடும்பத்தோடுதான் இருந்தார். அவர் பட்டது கொஞ்சமல்ல. அதைத் தன் வளர்ப்புப் பிள்ளைமேல் இறக்கி வைக்கவில்லை.

இரண்டு மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. பெண்களுக்கு 181. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். மூன்றும் இலவசம். லிப்ட் பக்கத்தில் ஒட்டிவைக்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே சங்க அறையில் இருப்பேன். கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், பிள்ளைகளை அனுப்புங்கள். கணக்கே வேண்டாம் என்றாலும் சும்மா வந்து உட்காரட்டும்.