ஆய்வுக்கும் பாடத்துக்கும் ஒரே கரும்பலகை



சென்னை இராயபுரத்தில் நின்று கணிதம் பேசுகிறவர் துறைமுகத்தைப் பேசாமல் போக முடியாது. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார் சீனிவாச இராமானுஜன். அவருடைய மேதைமையைப் பலரும் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது அவருடைய மேலதிகாரி எஸ். நாராயண ஐயரைப் பற்றி.

நாராயண ஐயர் துறைமுகத்தின் தலைமைக் கணக்கர். அதற்கு முன் திருச்சி புனித வளனார் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். பகலெல்லாம் அலுவலகப் பேரேடு. இரவானால் திருவல்லிக்கேணியில் அவர் வீட்டு மாடியில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். இராமானுஜன் இரண்டே வரியில் தாண்டிப் போனதை, படிப்பவருக்கு விளங்க வேண்டாமா என்று மறித்துப் பத்து வரியாக விரித்து எழுதச் சொல்வாராம் நாராயண ஐயர். அங்கே நடந்தது ஆராய்ச்சியா, பாடமா, வழிகாட்டலா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு கணிதத்துறை அந்த மாடியைப் போல இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம். 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விடுத்தார். ஒரு வர்க்கமூலம், அதற்குள் 1 கூட்டல் 2 பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் 1 கூட்டல் 3 பெருக்கல் மற்றொன்று, இப்படியே முடிவில்லாமல் போகிறது. மதிப்பு என்ன? யாரும் விடை அனுப்பவில்லை. அவரே சொன்னார்: 3. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதை விளக்கிவிடலாம். 3இன் வர்க்கம் 9. அது 1 + 2×4. 4இன் வர்க்கம் 16. அது 1 + 3×5. 5இன் வர்க்கம் 25. அது 1 + 4×6. படிப்படியாக இறங்கிக்கொண்டே போகலாம்.

இங்கே நல்ல ஆசிரியர் நிறுத்த மாட்டார். இதே வித்தையை 4இலிருந்து தொடங்கிப் பாருங்கள். 16 என்பது 1 + 2×7.5. 7.5இன் வர்க்கம் 56.25, அதிலிருந்து 1ஐக் கழித்து 3ஆல் வகுத்தால் அடுத்த எண் கிடைக்கிறது. இதுவும் முடிவில்லாமல் இறங்குகிறது! அப்படியானால் விடை 3ஆ, 4ஆ? வகுப்பு சலசலக்கும். இராமானுஜன் சொன்னதே சரி. ஆனால் ஏன் சரி என்பதற்கு, ஒவ்வொரு படியிலும் வெட்டிவிட்டுக் கணக்கிட்டால் வரும் எண்கள் எங்கே போய்க் குவிகின்றன என்று பார்த்தாக வேண்டும். இத்தகைய அடுக்கு மூலங்கள் எப்போது குவியும் என்பதற்கான நிபந்தனையைத் தந்தவர் தி. விஜயராகவன். 1950இல் அழகப்பச் செட்டியார் சென்னையில் தொடங்கிய இராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. பள்ளிக் கணக்கிலிருந்து ஆய்வுக்கட்டுரை வரை ஒரே பாதை. ஒரு மணி நேர வகுப்பில் அதை நடந்து காட்டிவிடலாம்.

1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. சடங்கு போலத் தோன்றும் இந்த விதியை நான் மதிக்கிறேன். இன்று அவர் பெயராலேயே வழங்கும் ‘மாஸ்டர் தேற்றம்’ அந்த அறிக்கைகளில்தான் இருக்கிறது. அடுத்தவருக்கு எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கும் நன்மையே செய்தது.

பிற்காலத்தில் இங்கே ஒரு பிளவு விழுந்தது. ஆராய்ச்சி, தனி நிறுவனங்களுக்குப் போயிற்று. கற்பித்தல் கல்லூரிகளில் தங்கிவிட்டது. ஆனாலும் சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் ராசின், பாரிசில் தாம் பழகிய புதிய கணிதத்தை மாணவர் காதில் போட்டுக்கொண்டே இருந்தார். அவரிடம் படித்த சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் 1953இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம் போனார்கள். பின்னர் சென்னைக்கே திரும்பிய சேஷாத்ரி 1989இல் ஓர் ஆய்வுப்பள்ளியைத் தொடங்கினார். அதுவே சென்னைக் கணிதவியல் நிறுவனமாக வளர்ந்தது. 1998இல் அங்கே இளநிலைப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தார். உலகறிந்த ஆய்வாளர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார்கள். பிளவைத் தைக்கும் வேலை அது.

ஆனால் அங்கே நுழைவுத்தேர்வு தாண்டியவர்களே போகிறார்கள். மணலி ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும் தந்தையின் மகள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள், நம் கல்லூரிக் கணிதத்துறைக்குத்தான் வருவாள். அவளுக்கு நாராயண ஐயர் யார்? பணிச்சுமைப் பட்டியலில் வகுப்பு நேரத்துக்குக் கட்டம் இருக்கிறது, கட்டுரை எண்ணிக்கைக்குக் கட்டம் இருக்கிறது. அவளோடு உட்கார்ந்து அரைமணி நேரம் ஒரு கணக்கில் தடுமாறுவதற்குக் கட்டம் இல்லை. அந்த அரைமணி நேரத்தில்தான் ஆய்வாளர் உருவாகிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த இராயபுரத்திலேயே ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993இல் இராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், முத்தியால்பேட்டைப் பள்ளி ஆசிரியர். இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் நூலாக்கியவரும் அவரே. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அவர் செய்த ஆராய்ச்சி அது.

இந்தச் சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடுத்த ஆண்டு முதல் வட்டித் தொகையில் ஒரு பங்கை மாணவர் உதவித்தொகைக்கு ஒதுக்குங்கள். முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவரும் இரண்டாமாண்டு இளநிலை மாணவர் இருவரும் ஒரு குழு. ஆய்வாளர் தம் முடியாத கணக்கை அவர்களுக்குப் புரியும்படி கரும்பலகையில் எழுதட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூவரும் சேர்ந்து தமிழில் நான்கு பக்க அறிக்கை தரட்டும். அந்த அறிக்கைகளைப் படித்துத் திருத்தித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.