சட்டக் கல்லூரியும் தங்குமிடமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இவ்வாண்டு வேறொரு பொருளைப் பேச இசைவு தந்த செயற்குழுவினர்க்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் குடியிருப்பின் இல்லங்கள் பலவற்றில் ஒரு வினா எழுகின்றது. 'பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்கலாமா? வைப்பதாயின் எந்தக் கல்லூரியில்?' என்பது அவ்வினா. அதே வேளையில் ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில் அழைத்து, 'தில்லியில் இடம் கிடைத்துவிட்டது. நல்ல அறையாகப் பார்த்துச் சொல்லுங்கள்' என்கின்றனர். கல்லூரி ஒரு கவலை, அறை மற்றொரு கவலை என்று பிரித்து எண்ணுவது நம் வழக்கம். இவ்விரண்டும் ஒரே முடிவின் இரு பகுதிகள் என்பதே யாம் இன்று கூற வந்தது. கல்லூரியை முன்னே முடித்து, அறையைக் கடைசி வாரத்திற்கு ஒதுக்கி வைப்போர், பணத்தையும் இழக்கின்றனர். சிலபோது அதனினும் பெரியதை இழக்கின்றனர்.

முதலில் கல்லூரியைக் காண்போம். வேறு படிப்புக் கிட்டாதவர் சேரும் இடம் சட்டக் கல்லூரி என்று ஒரு காலத்தில் இகழ்ந்தோர் பலர். அந்நிலை மாறியது. 1986 இல் கருநாடகச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி தோன்றியது. 1988 இல் பள்ளிப் படிப்பை முடித்த மாணாக்கர் நேரே சேர்ந்து ஐந்தாண்டு பயிலும் வகுப்பு அங்குத் தொடங்கியது. ஐதராபாத், கொல்கத்தா முதலிய நகரங்களில் அதனையொத்த பல்கலைக்கழகங்கள் பின்னர் எழுந்தன. நம் திருச்சிராப்பள்ளியிலும் ஒன்று உண்டு. 2008 முதல் இவற்றிற்குக் 'கிளாட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகின்றது. தில்லியில் துவாரகையிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் 'ஐலெட்' என்னும் தனித்தேர்வு நடத்துகின்றது. இரண்டிற்கும் தனித்தனியே விண்ணப்பித்தல் வேண்டும். ஒன்றை எழுதினால் மற்றொன்றிற்கும் போதும் என்று எண்ணி ஏமாறுதல் கூடாது.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை 1924 இல் தோன்றியது. ஒரு பட்டம் பெற்ற பின் சேரும் மூன்றாண்டுப் படிப்பே அதன் நெடுநாட் புகழ். 2023 முதல் ஐந்தாண்டுப் படிப்பும் அங்கு உண்டு. அதற்குக் கிளாட் மதிப்பெண்ணே அளவுகோல். ஒரே பல்கலைக்கழகம் ஆயினும் கட்டணத்தில் பெருவேறுபாடு காண்கின்றோம். மூன்றாண்டுப் படிப்பின் கட்டணம் குறைவு. ஐந்தாண்டுப் படிப்பின் கட்டணம் அதனினும் பன்மடங்கு. ஓக்லாவில் ஜாமியா மில்லியாவும், துவாரகையில் இந்திரப்பிரஸ்தப் பல்கலைக்கழகமும் சட்டம் பயிற்றுகின்றன. பின்னதனோடு இணைந்த தனியார் கல்லூரிகளும் பல.

இவற்றுள் எதனைத் தேர்வது? மூன்று சோதனைகளை முன்வைக்கின்றோம்.

முதற் சோதனை, ஏற்பு. 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தின்படி, பார் கவுன்சில் ஏற்ற கல்லூரியின் பட்டமே நீதிமன்றத்தில் வாதிடும் உரிமைக்கு வழி திறக்கும். அஞ்சல் வழியில் பெறும் சட்டப் பட்டம் அதற்கு உதவாது. ஆகவே கல்லூரியின் விளம்பரத்தை நம்பாது, பார் கவுன்சிலின் பட்டியலில் அதன் பெயரையும், ஏற்பு எந்த ஆண்டு வரை உள்ளது என்பதையும் காணல் வேண்டும். பட்டம் பெற்ற பின்னரும், 2011 முதல் நடைபெறும் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் வெற்றி பெறுதல் வேண்டும்.

இரண்டாம் சோதனை, நம்மைப்போல் குடிபெயர்ந்து வாழ்வோர்க்கே உரியது. நம் பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை? சங்கத்தில் கேட்டால் தமிழ்ப் பிள்ளை. சேர்க்கை அலுவலகம் கேட்கும்போது விடை வேறாகலாம். பெங்களூர்ச் சட்டப் பள்ளியில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்கள் கருநாடக மாணாக்கர்க்கு உரியவை. அம்மாநிலத்தில் பத்தாண்டுக்குக் குறையாமல் பயின்றோரே அங்குக் கருநாடக மாணாக்கர் ஆவர். தாய்மொழி யாது என்று எவரும் வினவுவதில்லை. பெங்களூரில் பள்ளிப் பருவத்தைக் கழித்த தமிழ்ச் சிறுமிக்கு அவ்வுரிமை உண்டு. தில்லியில் வளர்ந்தவளுக்கு இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். தெனாலியில் பிறந்து, தந்தையாரின் பணி காரணமாகச் சிறு வயதில் பம்பாய்க்கு வந்த பழங்குடி மாணவர் ஒருவர், மராட்டிய மாநிலத்து மருத்துவக் கல்லூரி ஒதுக்கீட்டில் இடம் கோரினார். பிறந்த மாநிலத்தில் பெற்ற அத்தகுதி, குடிபெயர்ந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டிற்குச் செல்லாது என 1990 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தில்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களிலோ அவ்வகுப்பினரின் சான்றிதழ் எம்மாநிலத்ததாயினும் செல்லும். இவ்வேறுபாட்டை அறியாமையால் ஒரு குடும்பம் ஓராண்டை இழத்தல் கூடும்.

மூன்றாம் சோதனை, மொத்தச் செலவு. ஓராண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து மகிழ்வோரும் உளர், அஞ்சுவோரும் உளர். இருவரும் கணக்கை முடிக்கவில்லை. ஒரு தாளில் இரண்டு பத்தி வரைக. ஒன்றில் கல்விக் கட்டணம். மற்றொன்றில் தங்குமிடம், உணவு, போக்குவரவு, நூல்கள். இரண்டையும் படிப்பின் ஆண்டுகளால் பெருக்குக. கட்டணம் குறைந்த கல்லூரி, விடுதி இன்மையால் செலவு மிக்கதாதல் உண்டு. கட்டணம் மிக்க பல்கலைக்கழகம், உறையுளும் உணவும் தன்னகத்தே தருதலால் எண்ணியதினும் அணுக்கமாதலும் உண்டு. கடன் வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. இளம் வழக்கறிஞரின் தொடக்க வருவாய் சிறிது. நகரங்களில் இளையவர்க்கு மாதம் 20,000 ரூபாயும், ஊர்ப்புறங்களில் 15,000 ரூபாயும் குறைந்த அளவாகத் தருக என்று 2024 அக்டோபரில் பார் கவுன்சில் பரிந்துரைத்தது. அது கட்டளை அன்று, பரிந்துரையே. அத்துணைப் பரிந்துரையும் வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமையை உணரலாம். பெரு நிறுவனங்களின் ஊதியத்தைக் கேட்டுக் கடன் தொகையை முடிவு செய்தல் தகாது.

இனித் தங்குமிடம். துவாரகையிலுள்ள சட்டப் பல்கலைக்கழகம் போல வளாகத்திலேயே உறையும் இடமாயின் கவலை குறைவு. தில்லிப் பல்கலைக்கழகத்தின் நிலை அவ்வாறு அன்று. அங்கு விடுதிகள் உண்டு. பயில்வோர் தொகையை நோக்க இடங்கள் மிகச் சில. எஞ்சியோர் கமலா நகர், விஜய் நகர், மல்கா கஞ்ச், முகர்ஜி நகர், ஹட்சன் லைன் என்று சுற்றுப்புறமெங்கும் அறை தேடுகின்றனர். ஆட்சிப் பணித் தேர்வுக்குப் பயில்வோரும் அதே தெருக்களில் தேடுவதால் வாடகை ஏறுகின்றது.

நம் குடியிருப்பிலேயே வாழ்வோர், வீட்டிலிருந்து சென்று வரலாமா என்று முதலில் எண்ணுக. விசுவவித்தியாலய நிலையம் வரை மெட்ரோ 2004 முதல் ஓடுகின்றது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வண்டியில் கழியினும், அதில் ஒரு மணி நேரம் படிப்பாக மாறுமாயின் இழப்புப் பெரிதன்று. தனி அறை எடுப்போர் கல்லூரி வாயிலுக்கு எதிரேதான் வேண்டும் என்று முனைதல் வேண்டா. மெட்ரோ வழியில் சில நிலையங்கள் தள்ளிச் சென்றால் வாடகை குறையும். சட்டம் பயில்வோர்க்கு வகுப்பறை மட்டும் போதாது. நூலகமும் நீதிமன்றமும் வேண்டும். வடக்கு வளாகத்திலிருந்து தீஸ் ஹசாரி நீதிமன்றம் தொலைவன்று. வகுப்பு, நூலகம், நீதிமன்றம் ஆகிய மூன்றிற்கும் இடைப்பட்ட அறையே சட்ட மாணாக்கர்க்கு நல்லறை.

அறை கிடைத்தவுடன் ஓர் ஒப்பந்தத் தாள் வரும். அன்பர்களே, சட்டம் பயிலச் செல்லும் பிள்ளை கையொப்பமிடும் முதல் ஆவணம் அதுவே! அதனைப் படியாமல் கையொப்பமிடுவது முதற் பாடத்திலேயே தவறுவதாகும். ஒப்பந்தம் பதினொரு மாதத்திற்கு எழுதப்படுவது ஏன்? 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்படல் வேண்டும். அதனைத் தவிர்க்கவே பதினொரு மாதம். 1958 ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்படின் அச்சட்டம் செல்லாது என 1988 இல் திருத்தம் வந்துவிட்டது. இன்று அவ்வளவிற்குள் அடங்கும் அறை அரிது. எனவே தாளில் எழுதியதே காப்பு.

முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? இடையில் விட்டுச் சென்றால் எத்தனை மாதத்திற்கு முன் சொல்லல் வேண்டும்? மின்சாரம் ஓர் அலகு என்ன விலை? உணவு சேர்ந்த 'பேயிங் கெஸ்ட்' இல்லமாயின், விடுமுறை மாதத்திலும் உணவுப் பணம் உண்டா? இந்நான்கையும் தாளில் எழுதி வாங்குக. பணத்தை வங்கி வழியாகத் தருக. ரொக்கமாயின் பற்றுச்சீட்டுக் கேட்க நாணுதல் வேண்டா. குடியிருப்போரைப் பற்றிக் காவல் நிலையத்தில் வீட்டுரிமையாளர் தெரிவிக்கும் முறை தில்லியில் உண்டு. அதற்குரிய படிவம் கொடுக்கப்பட்டதா என்று கேட்பதும் நம் கடன்.

இவை பணத்தைப் பற்றியன. உயிரைப் பற்றியதொன்றும் கூறல் வேண்டும். 2023 சூனில் முகர்ஜி நகரில் பயிற்சி நிலையமொன்று இயங்கிய கட்டடத்தில் தீப்பற்றியபோது, மாணாக்கர் சன்னல் வழியே கயிற்றைப் பற்றி இறங்கினர். 2024 சூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில் நிலத்தடி நூலகமொன்றில் மழைநீர் புகுந்து மூன்று மாணாக்கர் மாண்டனர். எத்துணைப் பெற்றோரின் நெஞ்சம் அன்று நடுங்கியது! ஆகவே அறையைக் காணச் செல்வோர் சுவரின் வண்ணத்தைப் பின்னர்ப் பார்க்கட்டும். படிக்கட்டு இரண்டு உண்டா? சன்னற் கம்பி உள்ளிருந்து திறக்குமா? மின் அளவிகள் ஒரே படிக்கட்டின் அடியில் குவிந்துள்ளனவா? இவற்றை முதலிற் காண்க. நிலத்தடி அறை எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

இறுதியாக, நம் குடியிருப்பினர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் வெளிநாடு சென்ற பின் மாடியறை பூட்டிக் கிடக்கும் இல்லங்கள் நம்மிடையே உள. வாடகைக்கு வருவோரிடம் 'என்ன உண்பீர்? எந்த வகுப்பார்?' என்று வினவிக் கதவைச் சாத்தும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இந்நகருக்கு வந்த நம் முன்னோர் மொழி அறியாமல் அறை தேடி அலைந்தவர்கள். யாரோ ஒருவர் கதவைத் திறந்தமையாலேயே நாம் இன்று இங்கு அமர்ந்திருக்கின்றோம். சங்கம் ஒரு பதிவேடு வைக்கட்டும். அறை தர விரும்புவோர் பெயரும், வாடகையும், கல்லூரிக்குள்ள தொலைவும் அதில் இடம்பெறட்டும். சட்டம் பயின்று முடித்த நம் இளைஞர் இருவர், புதிதாக வருவோரின் ஒப்பந்தத் தாளை ஒருமுறை படித்துக் கொடுக்க முன்வரட்டும். பெருஞ்செலவு ஏதும் இல்லாத தொண்டு இது.

கல்லூரி அறிவைத் தரும். அச்சமின்றி உறங்கி எழும் அறை, அவ்வறிவைப் பெறும் வலிமையைத் தரும். இரண்டையும் ஒருங்கே எண்ணித் தேர்வோமாக!