கப்பிங் செய்துகொள்வதற்கு முன் ஐந்து கேள்விகள்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ‘மசாஜுடன் கப்பிங், வீட்டுக்கே வந்து செய்யப்படும்’ என்ற நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். "செய்துகொள்ளலாமா சார்?" என்று உங்களில் ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். வேலையில் இருந்த காலத்தில் நானே கப்பிங் செய்திருக்கிறேன். அதனால் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

இது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணமும் உண்டு, உறிஞ்சலும் உண்டு. தொக்கணம் என்பது மசாஜ். யுனானியில் கப்பிங்கை ஹிஜாமா என்பார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் வட்டவட்டமான தழும்புகளைப் பார்த்த பிறகுதான் நம்மூர் மசாஜ் நிலையங்களிலும் இதற்குக் கிராக்கி கூடியது.

செய்முறை எளிது. மசாஜில் தசையை அழுத்துகிறோம். கப்பிங்கில் தோலையும் தசையையும் மேலே இழுக்கிறோம். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நெருப்பைக் காட்டிக் கவிழ்ப்பது ஒரு வகை. கைப்பம்பால் காற்றை உறிஞ்சுவது இன்னொரு வகை. மசாஜ் செய்பவர்கள் பெரும்பாலும் உடலில் எண்ணெய் தடவி, சிலிக்கான் கிண்ணத்தை லேசாக ஒட்டவைத்துத் தசையின் போக்கில் நகர்த்துவார்கள். கழுத்து வலி, முதுகுப் பிடிப்புக்கு இது சில நாள் இதம் தரும். வலியின் காரணத்தை இது நீக்காது.

‘கெட்ட ரத்தம் வெளியேறும், நச்சு போகும்’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறதே, அதை நம்பாதீர்கள். அந்தச் சிவப்பு வட்டம், நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் ரத்தம் கசிந்த அடையாளம். அடிபட்டால் கன்றிப்போகிறதே, அதேதான். ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும். கழிவை அகற்றும் வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்ளும்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். என் அண்ணனுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. ஊரிலிருந்து வந்தவர், "கெண்டைக்கால் இறுகிப் போயிருக்குடா, அந்தக் கிண்ணத்தை வை" என்றார். வைத்தேன். "வலிக்குதா அண்ணா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியலையே" என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நான் போனில் பேசப் போய்விட்டேன். ஐந்து நிமிடத்தில் எடுக்க வேண்டியதை இருபது நிமிடம் கழித்து எடுத்தேன். பெரிய கொப்புளம். அது புண்ணாகி, ஆற ஏழு வாரம் ஆனது. ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பது சுகமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கே நரம்பு உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம். முப்பது வருடம் இதே தொழிலில் இருந்தவன் நான். எனக்கே தவறியது.

ஆகவே, கிண்ணத்தை வைக்கவிடுவதற்கு முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: சர்க்கரையால் கால் மரத்துப்போகிறதா? அப்படியானால் அந்த இடத்தில் கப்பிங் வேண்டாம்.

இரண்டு: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஸ்டென்ட் வைத்தவர்கள், வார்ஃபரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள் தவிர்த்துவிடுங்கள். கப்பிங்குக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

மூன்று: தோல் எப்படி இருக்கிறது? புண், படை, வெரிகோஸ் நரம்பு, வயதால் மெலிந்த தோல் உள்ள இடங்களில் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் கூடாது.

நான்கு: இது என்ன வலி? நெஞ்சு, இடது தோள், தாடை என்று பரவி வியர்த்தால் மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அங்கே ரத்தம் உறைந்திருக்கலாம். மசாஜே கூடாது, டாக்டரிடம் போங்கள்.

ஐந்து: செய்பவர் யார்? என்ன படித்தார், யாரிடம் கற்றார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வீட்டில் நெருப்பு வைத்துச் செய்யவிடாதீர்கள். தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் முறையை மசாஜ் செய்பவரிடம் ஒருபோதும் செய்துகொள்ளாதீர்கள். கத்தியும் கிண்ணமும் சுத்தமாக இல்லையென்றால் மஞ்சள் காமாலைக் கிருமியும் ஹெச்ஐவியும் தொற்றலாம். அதற்கென்று பட்டம் பெற்ற யுனானி மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஐந்துக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் செய்துகொள்ளுங்கள். முதல் தடவை லேசான இழுவை, ஐந்து நிமிடம் போதும். எரிந்தாலும் மரத்தாலும் உடனே எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருங்கள். போன் வந்தால் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சந்தேகம் இருந்தால், மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மாலையில் பூங்காப் பக்கம் வாருங்கள். சேர்ந்து பார்த்துவிடலாம்.