பிள்ளை பின்னே, கேமரா முன்னே



பிரான்ஸ் நாடு, 1895ஆம் ஆண்டு. வீட்டுக்கு வெளியே ஒரு மேசை. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் கைக்குழந்தை. அப்பா கரண்டியால் ஊட்டுகிறார். அம்மா காபியைக் கலக்குகிறார். குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட். அதைத் தின்னாமல் எதிரே நிற்கும் ஆளிடம் நீட்டுகிறது. அவ்வளவுதான் படம். ஒரு நிமிடம்கூட ஓடாது.

எதிரே நின்று படம் பிடித்தவர் லூயி லூமியேர். ஊட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய அண்ணன் ஒகுஸ்த். குழந்தை, அண்ணன் மகள் ஆந்த்ரே. அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயில் காசு வாங்கிக்கொண்டு திரையிட்ட பத்துப் படங்களில் இதுவும் ஒன்று. சினிமா பிறந்த நாளிலேயே சித்தப்பா எடுத்த குழந்தை வீடியோவும் பிறந்துவிட்டது என்று சொல்லலாம். லூமியேர் கருவியின் எடை சுமார் 5 கிலோ. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் படம் பதியும். ஒரு சுருளின் நீளம் 17 மீட்டர். குழந்தை சிரித்தாலும் சிணுங்கினாலும் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஆந்த்ரே வளர்ந்து, 1918இல் உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சலில் தம் 24ஆம் வயதில் இறந்துபோனார். பிஸ்கட்டோடு நீண்ட கை மட்டும் 130 ஆண்டுகளாக நீண்டபடியே இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். குழந்தை பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வாங்கக் கூடாது, சட்டை தைக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்று பல வீடுகளில் பாட்டிமார் இன்றும் தடுக்கிறார்கள். கேமராவுக்கு மட்டும் எப்படியோ விலக்கு கிடைத்துவிடுகிறது. ஒன்பதாம் மாத வளைகாப்பு முடிந்த கையோடு அப்பாவாகப் போகிறவர் கடைக்குக் கிளம்பிவிடுவார். சென்னை என்றால் ஒரு காலத்தில் பர்மா பஜார், பிறகு ரிச்சி ஸ்ட்ரீட், இப்போது கைபேசித் திரை. விற்பவர் மெகாபிக்சல் சொல்வார், ஜூம் எத்தனை மடங்கு என்பார், 4கே என்பார். இந்தப் படத்தை யார், எப்போது பார்க்கப் போகிறார்கள் என்ற கேள்வியை மட்டும் விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

பெற்றோர் அந்த வாரமே பார்ப்பார்கள்; தாத்தா பாட்டிக்கு அனுப்புவார்கள். உண்மையான பார்வையாளர் இன்னும் பிறக்கவில்லை. அவர் இருபத்தைந்து வயதில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கப் போகிறார். அவருக்காக வாங்குவது என்று வைத்துக்கொண்டால், கடைக்காரர் அடுக்கும் எண்களில் பாதி தேவையற்றதாகிவிடும்.

முன்பு வாங்கியவர்களின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1965இல் கோடாக் நிறுவனம் சூப்பர் 8 பிலிமைக் கொண்டுவந்தது. ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி பிலிம்; 3 நிமிடம் 20 வினாடி ஓடும். தொடக்கத்தில் ஒலி கிடையாது. பிலிமுக்கும் காசு, கழுவவும் காசு என்பதால் பொத்தானை அழுத்தும் முன் ஒருவர் நாலு முறை யோசித்தார். 1983இல் சோனியின் பீட்டாமூவி வந்தது. கேமராவும் ரெக்கார்டரும் ஒரே உடலில் சேர்ந்த, வீட்டுக்கான முதல் கேம்கார்டர் அது. தோளில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததை அதிலேயே திரும்பப் பார்க்க முடியாது. கேசட்டைக் கழற்றி வீட்டு டெக்கில் போட்டால்தான் குழந்தை பதிவாகியிருக்கிறதா, குழந்தைக்குப் பின்னால் இருந்த சுவர் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். அடுத்த ஆண்டே ஜேவிசி சிறிய விஎச்எஸ்-சி கேசட்டில் ஓடும் கேமராவை விட்டது. ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் வருவது அதுதான். 1985இல் சோனியின் வீடியோ 8, 1995இல் மினி டிவி, அப்புறம் டிஸ்க், ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு. பத்தாண்டுக்கு ஒரு சாதி கேசட் பிறந்து, இறந்தது.

அன்று அமெரிக்காவில் இருந்து மாமாவோ பெரியப்பாவோ கொண்டுவந்த கேமராவுக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. அங்கே என்டிஎஸ்சி முறை, 525 வரி, வினாடிக்கு 30 படம். இங்கே 625 வரி, வினாடிக்கு 25 படம். அந்த முறையின் பெயர் பால். குழந்தை உள்ள வீட்டுக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் அமெரிக்கக் கேசட்டை உள்ளூர் டெக்கில் போட்டால் பல டிவிகளில் படம் உருளும், நிறம் போய்விடும். கடல் கடந்து வந்த கேமராவை ஆசையாகத் துடைத்து அலமாரியில் வைத்தவர்கள் உண்டு.

இன்று அந்த அலமாரியைத் திறந்தால் என்ன இருக்கும்? நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் டேப்பின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். பூக்காமல் தப்பியிருந்தாலும் ஓட்ட டெக் வேண்டுமே. விஎச்எஸ் டெக்குகளைக் கடைசி வரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. படம் இருக்கிறது, பார்க்க வழி இல்லை. பூட்டைச் செய்தவன் சாவியையும் கொண்டுபோய்விட்டான். வீட்டில் இன்னும் நல்ல நிலையில் கேசட் இருந்தால், புதுக் கேமரா வாங்கும் காசில் ஒரு பங்கை அதை டிஜிட்டலுக்கு மாற்றச் செலவிடலாம். பிறக்கப் போகும் பிள்ளைக்கு அப்பாவின் குழந்தை முகமும் பார்க்கக் கிடைக்கும்.

பிள்ளை பிறப்பதற்கு முன் கேமரா வாங்குவதை உலகிலேயே மிகப் பெரிய அளவில் செய்தவர் யார் என்று கேட்டால், டெப் ராய் பெயரைச் சொல்லலாம். இந்தியப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர். மனைவி ரூபல் படேல் பேச்சு அறிவியல் ஆய்வாளர். 2005இல் முதல் குழந்தை பிறப்பதற்கு முன், தம்பதியர் தங்கள் வீட்டின் கூரையில் 11 கேமராக்களையும் 14 மைக்குகளையும் பொருத்தினார்கள். சமையலறை, கூடம், குழந்தையின் அறை என்று வீடு முழுக்க. ஒரு குழந்தை பேச்சைக் கற்றுக்கொள்வது எப்படி என்பதை ஒரு வார்த்தைகூட விடாமல் பிடித்துவிட வேண்டும் என்பது திட்டம். மூன்று ஆண்டுகள் பதிவு நடந்தது. சேர்ந்தது சுமார் 90,000 மணி நேர வீடியோ, 1,40,000 மணி நேர ஒலி. எல்லாம் சேர்த்து 200 டெராபைட்.

இதில் ஒரு சின்னக் கணக்கு. இரவு பகல் தூங்காமல் உட்கார்ந்தாலும் 90,000 மணி நேரத்தைப் பார்த்து முடிக்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். மூன்று வயதுப் பிள்ளை பதின்மூன்றாகிவிடும். அதனால் அந்தப் பதிவைப் பார்க்கவே தனி மென்பொருள்கள் எழுத வேண்டியிருந்தது. 70 லட்சம் சொற்களுக்கு மேல் எழுத்தில் வடித்தார்கள். அப்படிக் கிடைத்தது என்ன? தண்ணீரைக் கேட்க ‘காகா’ என்று தொடங்கிய மழலை, ஆறு மாத காலத்தில் மெல்ல மெல்ல ‘வாட்டர்’ ஆவதை நாற்பது வினாடிக்குள் சுருக்கி, 2011இல் டெட் மேடையில் ராய் ஒலிக்கவிட்டார். குழந்தை ஒரு சொல்லைப் பிடிக்கப் போகும் தருணத்தில், சுற்றியிருக்கும் பெரியவர்கள் தங்களை அறியாமலே அந்தச் சொல்லைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசினார்கள் என்பதும் தெரியவந்தது. அந்த வீட்டில் ‘ஊப்ஸ்’ என்று ஒரு பொத்தானும் இருந்தது. பதிவாகக் கூடாதது பதிவாகிவிட்டால் அழுத்த வேண்டியது, கடந்த சில நிமிடங்கள் அழிந்துவிடும். இன்று கூடத்துக்குக் கூடம் கேமரா மாட்டும் வீடுகளில் இல்லாத பொத்தான் அது ஒன்றுதான்.

எல்லோரும் ராய் ஆக வேண்டாம். ஆனால் அவர் கேமராவின் தெளிவுக்கு நிகராக ஒலிக்கும் இடம் கொடுத்தார் என்பதை வாங்கப் போகிறவர்கள் கவனிக்கலாம். கேமராவை விட மைக் அதிகம்! முதல் ஆண்டில் குழந்தை செய்வதில் பெரும்பகுதி சத்தம்தான்: விக்கல், ‘ங்கா’, தூக்கத்தில் வரும் சிரிப்பு. ஒலியோ தூரத்துக்குப் பரம எதிரி. ஒரு மீட்டரில் இருந்த மைக்கை இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் குழந்தையிடமிருந்து வரும் ஒலியின் வலிமை கால் பங்காகிவிடும். மின்விசிறியின் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். ஜூம் முகத்தைக் கிட்டே கொண்டுவரும், குரலைக் கொண்டுவராது. அதனால் மூலையில் நின்று ஜூம் செய்வதைவிட, கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொள்வதே மேல். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஜூமுக்கு வேலையே இல்லை என்றுகூடச் சொல்லலாம். பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளை கடைசி வரிசையில் மரமாக நிற்கும் நாள் வரட்டும். இருபது மடங்கு ஜூம் உள்ள கேம்கார்டரை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது வெளிச்சம். விளம்பரப் படங்களில் குழந்தைகள் கடற்கரையில் ஓடுகின்றன. நிஜத்தில் பச்சைக் குழந்தையின் வாழ்க்கை திரை இழுத்த அறையில், ஜீரோ வாட் விளக்கில் நடக்கிறது. அந்த இருட்டில் படத்தைக் காப்பாற்றுவது மெகாபிக்சல் அல்ல. சென்சாரின் பரப்பும் லென்ஸின் வாயும்தான். கைபேசியில் மூன்று லென்ஸ் இருந்தாலும் பெரும்பாலும் முதன்மை லென்ஸுக்குத்தான் பெரிய சென்சார். இருட்டில் 1எக்ஸ் என்று காட்டும் அந்த லென்ஸிலேயே நின்றுகொள்வது நல்லது.

வெளிச்சத்தில் இன்னொரு குறும்பும் உண்டு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் வினாடிக்கு 100 முறை கண்சிமிட்டும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வினாடிக்கு 30 படம் எடுத்தால் அந்தச் சிமிட்டலோடு கணக்கு ஒத்துப்போகாமல் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடலாம். 25 அல்லது 50 என்று மாற்றிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். ஐபோனில் கேமரா அமைப்புகளுக்குள் ‘பால்’ முறைகளைக் காட்டச் சொல்லும் ஒரு பொத்தானே இருக்கிறது. டேப்போடு செத்துப்போனதாக நினைத்த பெயர், பிள்ளைக்காக மறுபடி எழுந்து வந்திருக்கிறது.

பிறந்த குழந்தைக்குச் சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். மடியில் கிடத்தினால் அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. அந்த இடத்தில் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்தால், குழந்தை பார்த்துப் பழகிக்கொண்டிருக்கும் முகத்தை ஒரு கறுப்புப் பலகை மறைத்துவிடும். 1992இல் ஷார்ப் நிறுவனம் வியூகேம் என்ற கேமராவின் முதுகில் வண்ணத் திரையைப் பதித்தபோது, கண்ணோடு ஒட்ட வைக்க வேண்டிய அவசியம் போயிற்று. கேமராவை மார்பளவில் இறக்கிப் பிடித்தபடி குழந்தையோடு முகம் பார்த்துப் பேச வழி பிறந்தது. அந்த வசதி இன்று எல்லாக் கைபேசியிலும் இருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு.

இடக் கணக்கு சுலபம். ஆப்பிள் சொல்லும் கணக்குப்படி, 1080பி தரத்தில் வினாடிக்கு 30 படம் என்றால் ஒரு நிமிட வீடியோ சுமார் 60 எம்பி. 4கே என்றால் 170 எம்பி. ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் எடுத்தாலும் 4கேயில் ஓராண்டுக்கு ஏறக்குறைய 124 ஜிபி. இதை ஒரே கைபேசியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவது துணிச்சல். ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், இன்னொன்று தாத்தா வீட்டு பீரோவில், முடிந்தால் மூன்றாவது பிரதி இணையச் சேமிப்பில். தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுங்கித்தான் போய்ச் சேரும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்து அனுப்பினால் முழுத் தரத்தில் போகும்.

தொட்டிலைக் கண்காணிக்க இணையத்தோடு இணைக்கும் கேமராக்களை வாங்குவோரும் இருக்கிறார்கள். அவர்கள் டிரெண்ட்நெட் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 2012இல் அந்த நிறுவனத்துக் கேமராக்களின் பாதுகாப்பில் இருந்த ஓட்டை வழியாக, சுமார் 700 கேமராக்களின் நேரலைப் படம் இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியானது. தொட்டிலில் தூங்கிய குழந்தைகளும் அதில் தெரிந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. அப்படி ஒரு கேமரா வாங்கினால், பெட்டியைப் பிரித்த அன்றே கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும்.

ஆக, நல்ல கைபேசி ஏற்கெனவே இருக்கும் வீட்டில் புதுக் கேமராவே தேவைப்படாமல் போகலாம். ஒரு சின்ன மைக், ஒரு முக்காலி, இரண்டு ஹார்ட் டிஸ்க் போதும். முக்காலி எதற்கு என்றால், வழக்கமாகப் படம் பிடிக்கும் அப்பாவும் படத்துக்குள் வருவதற்கு. பழைய கேசட்டுகளில் பல அப்பாக்கள் வெறும் குரலாகத்தான் இருக்கிறார்கள்: ‘இங்க பாரு, இங்க பாரு’.

மருத்துவமனைப் பையில் துணி, ஃபிளாஸ்க், கோப்பு இவற்றோடு சார்ஜரும் போகட்டும். பிரசவ அறைக்குள் கேமராவுக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். பல இடங்களில் கிடையாது. வெளியே கொண்டுவந்து காட்டும்போது அப்பாவின் கை நடுங்கும், குழந்தையை வாங்க நீளும். கேமரா அநேகமாக அத்தையின் கைக்கோ சித்தியின் கைக்கோ போய்விடும். அவரிடம் ஒரு வாரம் முன்னதாகவே காட்டிக்கொடுத்துவிடலாம்: சிவப்புப் புள்ளியும் ஓடும் வினாடியும் தெரிந்தால்தான் பதிவாகிறது என்று. இல்லாவிட்டால், பதிவாகும்போது நிறுத்தி, நிறுத்தியபோது தொடங்கி, கடைசியில் பதினோரு நிமிடத்துக்கு மருத்துவமனைத் தரையும் நாலு ஜோடிச் செருப்பும்தான் மிஞ்சும். பின்னணியில், தூரத்தில், அழுகைச் சத்தம் மட்டும் கேட்கும்.