அனுமதி என்று எழுதாதீர்கள்

(தெருவுக்கும் இடுகாட்டுக்கும் செல்லும் பாதையைக் காக்கச் சங்கம் தொடங்குவதற்காகக் கூடிய காலனி மக்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கம் தொடங்கப் போகிறோம், வந்து நாலு வார்த்தை பேசு தம்பி என்று கூப்பிட்டீர்கள். நில ஆவணங்களையும் சாதியையும் பற்றி ஆய்வு செய்கிறவன் என்பதால் கூப்பிட்டிருப்பீர்கள். ஆனால் வழி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை நான் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. என் தாத்தா இறந்தது ஓர் ஐப்பசி மாதம். நடவு முடிந்த வயலில் முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாள் வயல்காரர் வீட்டு வாசலுக்கு வந்து, மிதிபட்ட நாற்றுக்குக் கணக்குச் சொன்னார். என் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று பணத்தைக் கொடுத்தார். அந்தப் பாதை எங்களுடையதா, அவருடையதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

நேற்று இரவு நீங்கள் எழுதி வைத்திருக்கும் கடிதத்தைக் காட்டினீர்கள். தாலுகா அலுவலகத்தில் நடக்கப்போகும் சமாதானக் கூட்டத்தில் கொடுப்பதற்கான கடிதம். “எங்கள் தெருமக்கள் வழக்கம்போல் சென்றுவரப் பெரிய மனது வைத்து அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் பலர் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். இன்னும் கொடுக்கவில்லை என்றீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நான் இன்று பேச வந்ததே இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அடுத்தவர் பட்டா நிலத்தின் வழியாக ஒரு பாதையை 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தி வந்தால் அந்த வழி சட்டப்படி உரிமையாகிவிடும் என்கிறது அதன் 15ஆவது பிரிவு. அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள். இதில் “உரிமையோடு” என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலக்காரர் இரக்கப்பட்டு விட்டார், நாங்கள் நடந்தோம் என்றால் அது உரிமையாகாது. நூறு ஆண்டுகள் நடந்திருந்தாலும் ஆகாது. அனுமதி கொடுத்தவர் அதை எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பாட்டன் முப்பாட்டன் நடந்த தடத்தை அந்த ஒரு வரியால் நீங்களே அழித்துவிடுவீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டும் முதல் காகிதம் உங்கள் கடிதமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, வழி மறிக்கப்பட்டு 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். “பேசிக்கிட்டிருக்கோம், பொறுங்க” என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்துவதன் பொருள் இப்போது புரிகிறதா? முள்வேலி போட்ட தேதியை இன்றே எழுதி வையுங்கள்.

ஆனால் அது பட்டா நிலம்தானா என்பதே நமக்கு இன்னும் தெரியாது. வேலி போட்டவர் சொல்கிறார், நாம் நம்புகிறோம். கிராமத்தின் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் வண்டிப்பாதை என்றோ பாதைப் புறம்போக்கு என்றோ இருந்தால் பேச்சே மாறிவிடும். அப்போது அது பொதுவழி. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து வேலியை எடுக்க வேண்டியது வருவாய்த்துறையின் வேலை. ஆவணத்தைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

இரண்டு வழியும் அடைபட்டாலும் மூன்றாவதாக ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டின் 31ஆவது சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் சட்டம். வீட்டுமனைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். குடியிருப்புக்கும் இடுகாட்டுக்கும் போகிற பாதைக்காகவும் நிலம் எடுக்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

இத்தனை சட்டம் இருந்தும் ஏன் சமாதானக் கூட்டம்? ஏனென்றால் அங்கே பேசப்படுவது சட்டமல்ல. “நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுங்க” என்பார்கள். வாய்க்கால் கரையைச் சுற்றிப் போகச் சொல்வார்கள். வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டிருந்ததால், பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினார்கள். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நிர்வாகம் என்ன தீர்வு தந்தது? தனி இடுகாட்டுக்கு இடம் ஒதுக்கியது. மக்களுக்குத் தேவைப்பட்டது வழி. கிடைத்தது இன்னொரு தனி இடம். பிணத்துக்கு இடம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் வழியை மறித்தவருக்கு அதனால் என்ன நட்டம்? ஒன்றுமில்லை. மாற்றுப்பாதை என்று உங்களிடம் சொல்வதும் இதே கதைதான்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவர் 2008 மே 6 அன்று ஓரிடத்தில் இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சமாதானம் பேசித் திறக்காதது, இயக்கங்கள் அதை வெளியே கொண்டுவந்த பிறகு சில வாரங்களில் திறந்தது. சுவரில் ஒரு சின்ன இடைவெளி விட்டதற்கே சாதி இந்துக்கள் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே வெளியேறினார்கள். அந்த இடைவெளியால் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலமும் போகவில்லை. சமமாக நடந்து வருவார்கள் என்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இது புதிய சண்டையும் அல்ல. 1924ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மார்ச்சில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கான போராட்டம் தொடங்கியது. பெரியார் அங்கே போய் இருமுறை சிறைப்பட்டார். அதே ஆண்டு சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே ஆண்டு ஜூலையில் பம்பாயில் அம்பேத்கர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். தெருவில் போராட்டம், அவையில் தீர்மானம், ஊரில் சங்கம். மூன்றும் வேண்டியிருந்தன. அப்படியும் வைக்கத்தில் 1925 நவம்பரில் மூன்று பக்கம்தான் திறந்தது. கிழக்குப் பக்கம் அப்போது திறக்கவில்லை. பாதி வழியோடு திருப்திப்பட்டால் மீதி வழிக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதற்கு அது பாடம்.

இப்போது சங்கத்துக்கு வருவோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் இருந்தால் போதும், மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். எதற்குப் பதிவு என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஒருவர் மனுக் கொடுத்தால் அந்த ஒருவரை மிரட்டலாம், விலைக்கு வாங்கலாம். அவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் மனுவும் அவரோடு போய்விடும். சங்கத்துக்கு முகவரி உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க ஒரு கோப்பு உண்டு. வழக்கு என்று வந்தால் தெருமக்கள் சிலர் அத்தனை பேர் சார்பாகவும் வழக்காட உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. செலவையும் சாட்சியையும் சங்கம் தாங்க வேண்டும்.

ஆனால் சங்கம் மூன்று ஆண்களின் லெட்டர்பேடாக ஆகிவிடக் கூடாது. அந்தப் பாதையில் அதிகம் நடப்பவர்கள் யார்? ரேஷன் கடைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற அக்காமார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். போன மாதம் 108 வண்டி வேலிக்கு அந்தப்பக்கமே நின்றபோது, பிரசவ வலியோடு நடந்த பெண்ணைத் தாங்கிப் பிடித்துப் போனவர்கள் பெண்கள்தான். நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் அவர்களாக இருக்கட்டும். வரவு செலவை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசியுங்கள். ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். அதைச் செய்யாமல் செத்துப்போன சங்கங்கள் நம்மிடம் நிறைய உண்டு.

கடைசியாக, அய்யா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “கேஸ் போட்டா நாளைக்கு யாரு தம்பி வேலைக்குக் கூப்பிடுவான்?” இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டினியைச் சட்டப் புத்தகம் காட்டித் தள்ளிவிட முடியாது. பொதுவழியை மறிப்பதும், சமூகப் புறக்கணிப்புச் செய்வதும், செய்வேன் என்று மிரட்டுவதும் 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். ஆனால் வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும், அடுப்பு இன்றைக்கு எரிய வேண்டும். அதனால் வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா வைத்து, வேலை மறுக்கப்படும் குடும்பத்துக்கு முதலில் கொடுப்பது என்று விதியிலேயே எழுதுங்கள். நூறு நாள் வேலைக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். பயப்படாதே என்று ஒருவரிடம் சொல்வதைவிட, அவர் வீட்டு உலைக்கு அரிசி போடுவதே பயத்தைக் குறைக்கும்.

2025 ஏப்ரலில் “காலனி” என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். பெயர்ப்பலகை மாறட்டும். ஆனால் அந்தப் பலகைக்கு வந்து சேரும் வழியில் முள்வேலி இருந்தால், புதிய பெயரை வாசிக்க 108 வண்டியும் வராது, தபால்காரரும் வரமாட்டார்.

எனவே மூன்று வேலைகள். நாளைக் காலையில் ஆவணங்களுக்கு மனு. இந்த வாரத்துக்குள் எழுபது வயது தாண்டியவர்கள் எல்லோரிடமும் எந்த வயதிலிருந்து அந்தப் பாதையில் நடக்கிறார்கள் என்று எழுதி வாங்குவது. மூன்றாவது, அந்தக் கடிதம். “அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்பதை அடித்துவிட்டு, “எங்கள் வழியை மறித்துள்ள வேலியை அகற்ற வேண்டும்” என்று எழுதுவோம். அதை இப்போதே, எல்லோரும் இருக்கும்போதே எழுதிவிடலாம். பேனா யாரிடம் இருக்கிறது?