தட்டிப் பார்த்து அறிதல்: சூரியனும் பாறைக் கோள்களும்



நாம் கூடியிருக்கும் லாயாங் லாயாங் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இரண்டு பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ளது. ஆதலால் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 25ஐயும் செப்டம்பர் 18ஐயும் ஒட்டிய நாள்களில், கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. பள்ளித் திடலின் கொடிக்கம்பத்து நிழல் அப்பொழுது கம்பத்தின் அடியிலேயே ஒடுங்கிவிடும். இது கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது நிகழ்வதில்லை. நம் கடிகாரம் 120 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைப் பின்பற்றுகிறது. நாமோ 103 பாகையைச் சற்றுக் கடந்து வாழ்கிறோம். எனவே நம் உண்மையான உச்சிப்பொழுது பிற்பகல் ஒரு மணியை ஒட்டி அமைகிறது.

இவ்வளவு நேராக நம்மை நோக்கி நிற்கும் கதிரவனின் உள்ளே இருப்பதை எவரும் கண்டதில்லை, காணவும் இயலாது. நாம் நிற்கும் நிலத்தின் உள்ளும் அப்படியே. மனிதன் துளைத்த மிக ஆழமான துளை 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. புவியின் மையமோ 6,371 கிலோமீட்டர் கீழே உள்ளது. ஆயினும் பாடநூல்கள் சூரியனையும் புவியையும் வெட்டிய பழம்போல் வரைந்து, அடுக்கடுக்காகப் பெயரிட்டுக் காட்டுகின்றன. அந்தப் பெயர்களை மனனம் செய்யும் மாணவன், 'இதை எப்படி அறிந்தார்கள்?' என்று கேட்பதில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அக்கேள்வியே.

விடையை நம் வீட்டார் அறிவர். சந்தையில் தேங்காயை விரலால் தட்டி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தே வாங்குகிறோம். உடைக்காமலே உள்ளே நீர் இருக்கிறதா, பருப்பு முற்றியதா என்று ஒலி சொல்லிவிடுகிறது. சூரியனையும் கோள்களையும் ஆராய்வோர் செய்வதும் பெரும்பாலும் இதுதான்.

முதலில் சூரியன். அதன் மேற்பரப்பை நுணுகி ஆராய்ந்த இடங்களுள் ஒன்று தமிழ் மண்ணில் உள்ள கொடைக்கானல். மழைக்கும் வானத்துக்கும் தொடர்பு தேடுவது நம்மவர்க்குப் புதிதன்று. வெள்ளிக்கோள் தென்திசைக்குப் பெயர்வதை வறட்சியின் அறிகுறியாகக் கருதிய மரபைப் பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே காண்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தைப் பஞ்சங்கள் உலுக்கியபோது, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்ற வினா அறிவியலாளரிடையே வலுத்தது. 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் எழுந்ததற்கு அவ்வினாவும் ஒரு காரணம். மழையோடு எளிய தொடர்பு எதுவும் உறுதிப்படவில்லை. அத்தகைய பஞ்சங்களும் வறுமையும் கப்பலேற்றியவர்களின் வழிவந்தோர் இவ்வவையிலும் பலர் இருப்போம் என்பதை இடையே நினைத்துக்கொள்கிறோம்.

அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர் கரும்புள்ளி ஒன்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தார். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி நீலப்பக்கம் சற்றே நகரும். விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்புப்பக்கம் நகரும். அந்நகர்வை அளந்து, கரும்புள்ளியின் நடுவிலிருந்து வளிமங்கள் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அது இன்றும் அவர் பெயராலேயே 'எவர்ஷெட் விளைவு' எனப்படுகிறது.

இதே நகர்வை அளந்துதான் பின்னாளில் சூரியனின் உள்ளும் புலப்பட்டது. 1960ஆம் ஆண்டளவில், சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து தாழ்வது அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. சூரியனை எவரும் தட்ட வேண்டியதில்லை. உள்ளே கொதிக்கும் வளிமங்களே அதை ஓயாது தட்டிக்கொண்டிருக்கின்றன. அவ்வொலி வெற்றிடத்தைக் கடந்து நம் காதுக்கு எட்டாது. ஆனால் அதனால் மேற்பரப்பு அதிர்வதைக் கண்ணால் அளக்கலாம். வெப்பமும் பொருளும் மாறும் இடங்களில் ஒலியின் வேகமும் மாறுவதால், அதிர்வுகளைக் கணக்கிட்டு அடுக்குகளின் எல்லைகளைக் குறித்தனர்.

அவ்வாறு அறிந்தவை இவை. நடுவே ஆரத்தின் கால்பங்கு அளவில் உள்ளகம். அங்கு வெப்பம் 15 மில்லியன் பாகை செல்சியஸ். அடர்த்தி தங்கத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். எனினும் அது திண்மமன்று. நொடிதோறும் ஏறத்தாழ 600 மில்லியன் டன் ஹைட்ரஜன் அங்கே ஹீலியமாகிறது. அதைச் சூழ்ந்து, ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு வரை, ஆற்றல் ஒளியாகவே தட்டுத்தடுமாறி நகரும் அடுக்கு. அதற்கும் மேலே, உலைநீர்போல் சூடானது மேலேறிக் குளிர்ந்தது கீழிறங்கும் வெப்பச்சலன அடுக்கு. உள்ளகத்தில் பிறந்த ஆற்றல் மேற்பரப்பை அடையப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து நம் திடலை அடைய எட்டு நிமிடம் இருபது நொடி போதும்.

நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை. இதைச் சில நூல்கள் 'ஒளிமண்டலம்' என்கின்றன. சூரியனையும் கோள்களையும் சேர்த்துச் 'சூரிய மண்டலம்' என்று பயின்ற மாணவன் இங்கே தடுமாறுகிறான். 'ஒளிக்கோளம்' என்பதே நமக்குத் தெளிவாகப் படுகிறது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2003 முதல் சில ஆண்டுகள் நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அன்று பயின்ற மாணவர் சிலர் இன்று ஆசிரியர்களாக நிற்கின்றனர். பொருள் அவர்களுக்குத் தெரியும், தமிழ்ச் சொல்தான் கைக்கு எட்டுவதில்லை. நூலுக்கு நூல் சொல் மாறினால் அவர்கள் எதைப் பற்றிக்கொள்வார்கள்?

ஒளிக்கோளத்துக்கு மேலே மெல்லிய நிறக்கோளமும், அதற்கும் அப்பால் ஒளிமகுடமும் உள்ளன. 2019 டிசம்பர் 26 அன்று காலையில் திண்டுக்கல்லிலும் யாழ்ப்பாணத்திலும் தோன்றிய கங்கண கிரகணம், பிற்பகலில் ஜொகூரின் தென்முனையான தஞ்சோங் பியாயில் தெரிந்தது. அப்போதும் ஒளிமகுடம் புலப்படவில்லை. நிலவைச் சுற்றி எஞ்சிய மெல்லிய வளையமே அதை மங்கச் செய்தது. முழுக் கிரகணத்தில் மட்டுமே அது வெறுங்கண்ணுக்குத் தெரியும். அதன் வெப்பம் மில்லியன் பாகைக்கும் மேல். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறைய வேண்டாமா? இங்கே கூடுகிறது. இதன் காரணம் முழுமையாக விளங்கவில்லை. அதை ஆராய இந்தியா 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 விண்கலத்தை ஏவியது. அத்திட்டத்தின் இயக்குநர், தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி.

இனிப் பாறைக் கோள்கள். சூரியன் பிறந்த காலத்தில் அதன் அருகே வெப்பம் மிகுந்திருந்ததால், உலோகமும் பாறையுமே உறைந்து திரள முடிந்தது. புதன், வெள்ளி, புவி, செவ்வாய் ஆகிய நான்கும் அப்படித் திரண்டவை. உருகிய நிலையில் கனத்த இரும்பு நடுவே இறங்க, இலேசான பாறை மேலே மிதந்தது. உள்ளகம், கவசம், மேலோடு என்ற மூன்றும் நான்கிலும் உண்டு, அளவுதான் வேறு.

புவியைத் தட்டுவது நிலநடுக்கம். 1929இல் நியூசிலாந்தில் ஏற்பட்ட நடுக்கத்தின் அலைகள் வரக்கூடாத இடங்களிலும் பதிவானதைக் கண்ட டென்மார்க்கின் இங்கே லேமன், உருகிய உள்ளகத்துக்குள் வேறொரு உள்ளகம் உண்டென்று 1936இல் எழுதினார். அது திண்மம் என்பது பின்னர் உறுதியாயிற்று. செவ்வாயில் 2018 நவம்பரில் இறங்கிய இன்சைட் கலம் ஒரே ஒரு நிலநடுக்கமானியை வைத்து நான்கு ஆண்டுகள் காது கொடுத்தது. பதிவான நடுக்கங்கள் 1,300க்கும் மேல்.

புதனில் அத்தகைய கருவி இறங்கவில்லை. அங்கே பயன்பட்டது முட்டை அறிவு. அவித்த முட்டை சீராகச் சுழலும். பச்சை முட்டை தயங்கித் தள்ளாடும். புதனின் சுழற்சியை ரேடாரால் அளந்தபோது அத்தள்ளாட்டம் தெரிந்தது. அதன் உள்ளகத்தின் வெளிப்பகுதியாவது உருகியிருக்க வேண்டும் என்று 2007இல் அறிவித்தனர். அவ்வுள்ளகம் கோளின் ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். புதன் ஏறத்தாழ முழுதும் கொட்டை, தோல் மட்டுமே பாறை.

எஞ்சியது வெள்ளி. பருமனிலும் எடையிலும் புவிக்கு மிக நெருங்கியது. நம் முன்னோர் மழையோடு சேர்த்து எண்ணியதும் இதையே. அதன் தரையில் வெப்பம் ஏறத்தாழ 465 பாகை. காற்றழுத்தம் இங்குள்ளதைப்போல் 90 மடங்கு. 1982இல் இறங்கிய சோவியத்தின் வெனேரா 13 கலம் 127 நிமிடமே தாக்குப்பிடித்தது. மாதக்கணக்கில் அமர்ந்து காதுகொடுக்கும் கருவி எதுவும் அங்கே நிலைக்கவில்லை. 243 நாளுக்கு ஒருமுறையே சுழல்வதால் முட்டைச் சோதனையும் எளிதில் கைகொடுப்பதில்லை. அதன் உள்ளகம் திண்மமா, உருகியதா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.