மலை ஏறுபவருக்கும் தேடி வருபவருக்கும்
(நம் குடியிருப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடுமுறை வந்தால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பும் பிள்ளைகள் நம் வீடுகளில் அதிகமாகிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் மலை உச்சியிலிருந்து படம் அனுப்புகிறார்கள். சந்தோஷம். அதனால்தான் இன்று இந்த விஷயம்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மவுண்ட் வாஷிங்டன் என்ற மலை இருக்கிறது. உயரம் 1,917 மீட்டர்தான். நம் கொடைக்கானலை விடக் குறைவு. ஆனால் 1934 ஏப்ரலில் அங்கே மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவாகியிருக்கிறது.

1982 ஜனவரியில் இரண்டு இளைஞர்கள் அங்கே பனிப்புயலில் வழி தவறினார்கள். ஒருவர் 17 வயது ஹ்யூ ஹெர். மூன்று இரவுகள் கழித்து இருவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஹெர்ருக்கு இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பிற்பாடு அவர் செயற்கைக் கால் ஆராய்ச்சியில் பெரிய பேராசிரியரானார். ஆனால் அவர்களைத் தேடிப் போன ஆல்பர்ட் டோ என்ற தன்னார்வலர் பனிச்சரிவில் சிக்கி இறந்துபோனார். அவருக்கு வயது 28.

"என் உயிர், என் இஷ்டம்" என்று மலையேறுபவர் சொல்லலாம். ஆனால் நாம் திரும்பி வராவிட்டால் யாரோ ஒருவர் தேடிக் கிளம்புவார். அவருக்கும் வீடு, வாசல் உண்டு.

அந்த மாநிலத்தில், அலட்சியத்தால் சிக்கியவரிடம் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. 2015-ல் ஓர் அட்டை கொண்டுவந்தார்கள். தனி நபருக்கு ஆண்டுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. அட்டை இருந்தால் அலட்சியத்துக்கு வசூல் இல்லை. ஆனால் வேண்டுமென்றே விபரீதமாக நடந்துகொண்டால் பணம் கட்டத்தான் வேண்டும். வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். திருட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டோம் என்று யாரும் கதவைத் திறந்துபோட்டுப் போவதில்லை.

செலவை வசூலிப்பதை மீட்புக் குழுவினர் பலரே எதிர்க்கிறார்கள். பில்லுக்குப் பயந்து, இருட்டும்வரை உதவி கேட்காமல் இருந்துவிடுவார்களாம். அதுவும் நியாயம்தான்.

ஆக, மலையேறும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். போகும் பாதை, கூட வருபவர்கள், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். மலையில் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். டார்ச், தண்ணீர், கம்பளி கையில் இருக்கட்டும். சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்புங்கள். வானம் கறுத்தால் பாதியில் திரும்புவதில் வெட்கமில்லை. மாட்டிக்கொண்டால், தாமதிக்காமல் வெளிச்சம் இருக்கும்போதே உதவி கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. போக வேண்டாம் என்று தடுக்காதீர்கள். "எப்போ திரும்புவே?" என்று மட்டும் கேட்டு, அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.